அந்தோணிசாமியின் திருகுப் பல்

வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. இத்தனை வருடம் பார்த்ததில், திறந்த வாய்களில் பாதி என்னிடம் பொய் சொல்லத்தான் திறந்தன என்பது என் எண்ணம்.

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் விளக்கு அடிக்க, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய் தொங்க, "தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறீங்களா?" என்ற கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் தலையாட்டியதை நான் நம்பவில்லை. "நல்லா இருந்த பல்லைக் கிளறி வியாதி ஆக்கிடுச்சு இந்தம்மா" என்று நீங்கள் வெளியே போய்ச் சொன்னதும் எனக்குத் தெரியும். ஆகவே நாம் சரிக்குச் சரி.

நான் ஈறு டாக்டர். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி இந்திரா நகரில் கிளினிக். மைன்ஸ், தெர்மல், கான்ட்ராக்ட், பெர்மனென்ட் என்று எல்லாரும் வருவார்கள். கூட வேலை செய்வது செல்வி, குறிஞ்சிப்பாடி நெசவுக் குடும்பத்துப் பெண். நான் ஒருவரைச் சந்தேகப்பட ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால், செல்வி அவர் செருப்பைக் கழற்றும்போதே முடித்துவிடுவாள். அதற்காகவே அவளை விடாமல் வைத்திருக்கிறேன்.

பரீட்சைக்குப் படித்த பல்

முதலில் ஒரு சின்ன விஷயம், என் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று தெரிவதற்காக. குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். பல் பளபளவென்று இருக்கிறது. ஈறு மட்டும் அங்கங்கே உரிந்து, ரத்தம் கசிகிறது. பல்லின் உட்புறம் ஆறு மாதத்து அழுக்கு கல்லாக இறுகியிருக்கிறது. "எப்ப டீச்சர் கடைசியா நல்லாத் தேய்ச்சீங்க?" என்றேன். "இன்னிக்குக் காலையிலதான், அரை மணி நேரம்" என்றார்.

"நேத்து?" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பரீட்சை அன்னிக்குத்தானே டாக்டர் எல்லாரும் விழுந்து விழுந்து படிப்பாங்க?"

இரும்புக்குமா சீழ்?

இனிமேல் நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே ஆளைப் பற்றி. பெயர் அந்தோணிசாமி. மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். மைன்ஸில் நிலக்கரி ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை, பெர்மனென்ட். ரிட்டயர் ஆக இன்னும் நாலைந்து வருடம் இருக்கும். இடது பக்கம் கடைவாய்ப் பல் ஒன்றும் கிடையாது. வலது பக்கம் கீழே ஒரு திருகுப் பல். தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி, அதன் தலையில் பல் மாட்டுவார்களே, அது. புதுச்சேரியில் ஒரு சர்ஜன் வைத்துவிட்டது. அந்த ஒரு பல்லை நம்பித்தான் மனுஷன் சாப்பிடுகிறார்.

அந்தத் திருகைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன், சீழ் வந்தது. எக்ஸ்ரேயில் திருகின் கழுத்தை ஒட்டி எலும்பு கொஞ்சம் கரைந்திருந்தது. சர்ஜனுக்குப் போன் போட்டேன். "எடுத்துடலாம், வேற வழியில்ல" என்றார். எடுத்தால் இன்னொன்று நிற்க அங்கே எலும்பு போதாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்தோணிசாமிக்குக் கஞ்சியும் குழைந்த சோறும்தான். "மூணு மாசம் குடுங்க சார், வெட்டாம சுத்தம் பண்ணிப் பார்க்கிறேன்" என்றேன். மூன்று மாதம் கழித்தும் சீழ் இருந்தால் எடுத்துவிடுவது என்று பேச்சு.

இதையெல்லாம் அந்தோணிசாமியிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொந்தப் பல்லு சொத்தை ஆவும், ஒத்துக்கிறேன். இரும்புத் திருகுக்கு எப்படிங்க மேடம் வியாதி வரும்? நீங்க எதையோ மறைக்கிறீங்க."

வெட்டாத வைத்தியம்

நம் ஊரில் ரத்தம் வராத வைத்தியத்தை யாரும் மதிப்பதில்லை. ஒரு தையலாவது போட்டால்தான் டாக்டர் வேலை செய்தார் என்று நிம்மதி. அன்று நான் செய்தது இவ்வளவுதான்: மரத்துப்போக ஊசி போட்டு, திருகில் கீறல் விழாத மாதிரி பிளாஸ்டிக் முனை வைத்த கருவியால் ஈறுக்கு அடியில் படிந்ததைச் சுரண்டி எடுத்தேன். மாவு மாதிரி ஒரு பவுடரைக் காற்றோடும் தண்ணீரோடும் சேர்த்துப் பீய்ச்சினேன். கிருமிநாசினி விட்டுக் கழுவினேன். முக்கால் மணி நேரம். பாட்டில் கழுவுகிற பிரஷைச் சுண்டு விரல் நகத்தளவுக்குச் சிறிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சந்து பிரஷைக் கையில் கொடுத்து, திருகின் இரு பக்கமும் விட்டு எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். கிளினிக்கில் அச்சடித்து வைத்திருக்கும் குறிப்புத் தாளையும் கொடுத்தேன்: காலையில் எழுந்ததும் பல் தேய்க்கவும், இரவு படுக்கப் போகும் முன் பல் தேய்த்து, சந்து பிரஷ் விட்டு, மருந்துத் தண்ணீரால் கொப்பளிக்கவும்.

இதில் பாதி வேலைதான் என்னுடையது, மீதி பாதி அவர் வீட்டுக் கண்ணாடி முன்னால் நடக்க வேண்டியது என்றும் சொன்னேன். எல்லாருக்கும் இது பலிக்காது, ஆழமாகப் போயிருந்தால் ஈறைத் திறந்துதான் ஆக வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. மனுஷன் கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்தார். என்னை விட்டுவிட்டுச் செல்வியிடம் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எனக்குக் காது கேட்கும். "ஏம்மா, மாவு தூவுறதுக்கா ஊசியெல்லாம் போட்டாங்க?"

ஒரு தடவை நல்லா, ஒரு தடவை மோசம்

அடிக்கடி வரச் சொல்லியிருந்தேன். முதல் தடவை வந்தபோது ஈறு நன்றாக அடங்கியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த தடவை மறுபடி வீக்கம், முனை மழுங்கிய கம்பியால் லேசாகத் தொட்டாலே ரத்தம். அதற்கடுத்த தடவை நல்லா. மறுபடி மோசம். எல்லாம் ஒழுங்காகச் செய்கிறவருக்கு இப்படி ஏறி இறங்காது. ஒழுங்காகச் செய்யாதவருக்கு ஒரே மாதிரி மோசமாக இருக்கும். இது இரண்டிலும் சேரவில்லை. அப்படியென்றால் இடையில் ஏதோ திருட்டுத்தனம் நடக்கிறது.

முதல் நாள் நான் கேட்டபோதே, முன்பு புகையிலை அடக்குகிற பழக்கம் இருந்தது, விட்டு பதினோரு வருடம் ஆகிறது என்று சொல்லியிருந்தார். விட்டேன் என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விட்டது வாயிலிருந்துதான், பாக்கெட்டிலிருந்து அல்ல. கன்னத்தை இழுத்துப் பார்த்தேன், அடையாளம் ஒன்றுமில்லை. கெட்டிக்காரராக இருப்பார் என்று நினைத்தேன். செல்வி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள், ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் டீ குடிக்கிற கடையில் ஒரு அரை மணி நேரம் காவல் இருந்துவிட்டு, லேட்டாக வந்தாள். வந்ததும் வராததுமாகக் கதவைச் சாத்தினாள்.

"டீ குடிச்சிகினு நின்னாரு மேடம். கையில ஒண்ணுமில்ல, வாயில ஒண்ணுமில்ல. நான் பாக்குறத பாத்துட்டாரோ என்னமோ!"

கிராம்பு

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அடுத்த தடவை அவர் மனைவி ஸ்டெல்லாவும் கூட வந்திருந்தார். நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர், வெடுக்கென்று பேசுவார். அந்தோணிசாமி உள்ளே நாற்காலியில் மரத்துப்போகக் காத்திருக்கும்போது, நான் வெளியே வந்து ஸ்டெல்லாவிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்: "வீட்டுல சார் பழைய பழக்கம் எதுவும் திரும்ப ஆரம்பிக்கலையே?" இவ்வளவுதான் கேட்டேன். சும்மா இருக்கிறவரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஸ்டெல்லாவின் முகம் மாறிப்போனது. அந்தப் புகையிலையை விட வைக்க அவர் பட்ட பாட்டை அப்போதுதான் சொன்னார். அழுது, சண்டை போட்டு, அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்து, கடைசியில் மகள் முதல் நற்கருணை வாங்கிய அன்று கோவிலில் வைத்து இவர் சத்தியம் செய்திருக்கிறார். அன்றோடு நின்றது. "பாக்குறேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "யூனிபார்ம் பாக்கெட்ல கிராம்பு இருந்துச்சு டாக்டர். அப்ப புகையிலைய விட்டப்பவும் கிராம்புதான் போட்டுகினு இருந்தாரு. இப்ப எதுக்கு கிராம்பு? திரும்ப ஆரம்பிச்சதாலதானே?"

நான் 'இருக்காதும்மா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்தேன். அவர் கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இத்தினி வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்காரு பாருங்க."

பாக்கெட் டைரி

மூன்று மாதம் முடிந்தது. அந்தோணிசாமி தனியாக வந்தார். ஆள் இளைத்திருந்தார். வாயைத் திறந்தார், பழையபடி வீக்கம், ஓரத்தில் துளி சீழ். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திருகு போகப் போகிறது, சர்ஜனிடம் நான் சொன்ன வார்த்தை போகப் போகிறது, எல்லாம் இந்த மனுஷனின் ஒரு சிட்டிகை புகையிலையால். கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, "சார், இனிமே மறைச்சு பிரயோஜனம் இல்ல. எத்தனை நாளா போடுறீங்க? உண்மையைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட் டைரியை எடுத்து நீட்டினார். ஷிப்ட் எழுதி வைக்கிற டைரி. ஒவ்வொரு நாளுக்கும் நேராக பர்ஸ்ட், செகண்ட், நைட், ஆஃப் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'தே', 'பி', 'கொ'. தேய்த்தது, பிரஷ் விட்டது, கொப்பளித்தது. ஒரு நாள் விடாமல் டிக். என் நோயாளி ஒருவர் இப்படி எழுதி வைத்து நான் பார்த்ததே கிடையாது. புரட்டிக்கொண்டே போனேன். நைட் ஷிப்ட் வாரம் வந்தால் மட்டும் காலையில் தேய்த்ததற்கு ஒரு டிக் இருக்கிறது, மற்ற இரண்டும் காலி. அடுத்த நைட் வாரம், அதுவும் அப்படியே.

அவர் வந்த நாட்களை நான் குறித்து வைத்திருந்த சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துத் தேதி பார்த்தேன். அவர் மோசமாக வந்த ஒவ்வொரு தடவையும் நைட் வாரம் முடிந்த கையோடு வந்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு ஷிப்ட் விட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, பல் தேய்த்து, நாலு இட்லி சாப்பிட்டு, ஜன்னலுக்குத் துணி கட்டிப் படுத்தால் மத்தியானம் வரைக்கும் தூக்கம். அந்த இட்லி திருகைச் சுற்றி அப்படியே உட்கார்ந்திருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர் அப்போதும் சந்து பிரஷை எடுக்கவில்லை, ஏனென்றால் தாளில் 'இரவு படுக்கப் போகும் முன்' என்று இருக்கிறது, அவர் இரவு படுக்கப் போகவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு வாரம் ஆறி வருகிற ஈறை, மூன்றாவது வாரம் மொத்தமாகக் கெடுத்திருக்கிறது என்னுடைய தாள். வேறு எந்த ஊரிலாவது இந்தத் தாள் சரியாக இருந்திருக்கும். நெய்வேலியில் கடை வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட "என்ன ஷிப்ட்?" என்று நான் கேட்டதில்லை. இதில் என் அப்பாவும் ஷிப்டுக்குப் போனவர். பகலில் அவர் தூங்கும்போது சத்தம் போட்டு அடி வாங்கி வளர்ந்தவள் நான். எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகிவிட்டது.

"அப்ப கிராம்பு எதுக்கு சார்?" என்றேன். அதையும் கேட்காமல் விட முடியவில்லை என்னால். அந்தோணிசாமி தலையைக் குனிந்துகொண்டார். "சீழ் வாடை வருதுங்களே மேடம். கூட வேலை செய்யறவங்க முகத்தைத் திருப்பிக்கிறாங்க."

சர்ஜனுக்கு இரண்டாவது போன்

சர்ஜனைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். நோயாளியைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. சந்தேகம் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. "புது எக்ஸ்ரே ஒன்னு அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். எலும்பு மேற்கொண்டு கரையவில்லை என்று பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

"மூணு மாசம்தான். அதுக்கப்புறம் எனக்கு சீனியர்னு எல்லாம் பார்க்க மாட்டேன், உங்க திருகையும் சேர்த்துக் கழட்டிடுவேன்."

தூங்குறதுக்கு முன்னாடி

பழைய தாள்களை எல்லாம் கிழித்துப் போட்டோம். புதுத் தாளில் காலை, இரவு என்ற பேச்சே கிடையாது. எப்போது தூங்கப் போகிறீர்களோ அதற்கு முன்னால், கடைசியாகச் சாப்பிட்டதற்குப் பின்னால். அவ்வளவுதான். திருகைச் சுற்றி மறுபடி சுத்தம் செய்தேன், அதே பிளாஸ்டிக் முனை, அதே பவுடர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, இட்லி சாப்பிட்டு, கண்ணாடி முன்னால் நின்று சந்து பிரஷ் விடுகிற அந்தோணிசாமியை நான் பார்த்ததில்லை, ஆனால் டைரியில் இடம் காலியில்லாமல் நிரம்பியது.

நைட் வாரம் முடிந்து வந்தார், ஈறு நன்றாக இருந்தது. அடுத்த நைட் வாரமும் நன்றாக இருந்தது. மூன்றாவது மாதம் அழுத்திப் பார்த்தேன், சீழ் இல்லை. கம்பியால் சுற்றித் தொட்டேன், ரத்தம் இல்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் ஈறு திருகைக் கட்டிப் பிடித்திருந்தது. எழுந்து ஆடாத குறைதான். செல்வி, "நான் அப்பவே சொன்னேன், அவரு கையில ஒண்ணுமில்லன்னு" என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள்.

"சார், உங்களை நம்பாதது என் தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, வாஷ்பேசின் குழாயை இறுக்கி மூடினார். "நீங்க நம்பாததுல ஒண்ணுமில்லீங்க மேடம், அது உங்க வேலை. வூட்ல அவ என்கூட பேசி நாலு மாசமாவுது. டைரியக் காட்டினேன், அதையும் நானே எழுதிகினதுன்னு சொல்றா. அதுக்கு எந்தப் பவுடர் அடிப்பீங்க?"

குவார்ட்டர்ஸில்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். டாக்டர் வீடு தேடி வந்தால் ஜனங்களுக்குப் பயம்தான் வரும். ஸ்டெல்லாவும் பயந்தார், கான்சரா என்று கேட்டார். இல்லையம்மா என்று உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தாள் என்னுடையது, தப்பு என்னுடையது, உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான்தான், கிராம்பு சீழ் வாடையை மறைக்க என்று சொன்னேன். அவர் புகையிலையைத் தொடவில்லை, ஒரு நாள்கூட. அந்தோணிசாமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார், நைட் ஷிப்ட் வாரம். ஜன்னலுக்கு ஒரு சேலையைக் கட்டியிருந்தார்கள்.

ஸ்டெல்லா கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்துதான் போனேன், திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய், உள்ளே சேலை நழுவி வெயில் விழுந்த இடத்தைச் சரியாக இழுத்துக் கட்டிவிட்டு வந்தார். பிறகு சத்தமில்லாமல் பேசினார்.

"நீங்க ஒரே ஒரு கேள்வி கேட்டீங்க, ஒடனே நம்பிட்டேன். இப்ப இல்லைன்னு சொல்றீங்க, அதையும் ஒடனே நம்பிட்டேன். அவரு கோவில்ல வெச்சு சத்தியம் பண்ணினவரு, அவர மட்டும் நான் ஏன் டாக்டர் நம்பல?"

இப்போதெல்லாம் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் "என்ன ஷிப்ட்?" என்றுதான் முதலில் கேட்கிறேன், அவர்கள் சொல்லும் பதிலைச் செல்வியை விட்டு டீக்கடையில் விசாரிப்பதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை.